ஈஷானுக்குப் படம் வரையத் தெரியாமல் போயிருந்தால்

‘தாரே ஜமீன் பர்’ (2007) படத்தை நான்கு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை ஆசிரியர் பயிற்சியின்போது. வகுப்பே அழுதது, நானும்தான். நான்காவது முறை பார்த்தபோது கோபம்தான் வந்தது. அது படத்தின் மீதா, அதை அப்படியே நம்பிய என் மீதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

படத்தின் முதல் பாதியை இன்றும் குறைசொல்ல மாட்டேன். டிஸ்லெக்சியா உள்ள எட்டு வயது ஈஷான், தன் குடும்பத்தை நோட்டுப் புத்தகத்தின் பக்கங்களில் வரைகிறான். பக்கங்களை வேகமாகப் புரட்டினால் அவன் மட்டும் கொஞ்சங்கொஞ்சமாகத் தள்ளிப் போகிறான். அந்தக் காட்சிக்கு வசனமே தேவைப்படவில்லை.

சிக்கல் நிகும்ப் சார் வந்த பிறகு தொடங்குகிறது. இந்தப் பையனுக்குச் சாதாரணப் பள்ளி ஒத்துவராது என்கிறார் தலைமையாசிரியர். நிகும்ப் மறுத்து வாதாடுகிறார்: இவன் சராசரியைவிட அறிவாளி, இங்கே படிக்க இவனுக்கு உரிமை உண்டு, கொஞ்சம் உதவி போதும். மூன்று முறை இந்த இடத்தில் நான் தலையாட்டியிருக்கிறேன். நான்காம் முறைதான் உறைத்தது. அறிவாளி என்பதால்தான் உரிமையா? நிகும்ப் ‘டியூலிப்ஸ்’ என்ற சிறப்புப் பள்ளியிலும் கற்பிக்கிறார். அந்தப் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் அன்பாகக் காட்டிவிட்டுப் படம் நகர்ந்துவிடுகிறது. அந்த வாதம் அவர்களுக்குச் செல்லாது.

கடைசியில் ஓவியப் போட்டி. ஈஷான் வெல்கிறான், அப்பா கலங்குகிறார், நாமும் கலங்குகிறோம். வாசிக்கத் தெரியாத பிள்ளை வேறொன்றில் மேதையாகி நம் கடனை அடைத்துவிட்டான்.

இது வெறும் திரைக்கதைக் குறை என்றால் விட்டுவிடலாம். ஆனால் நான் இதை வகுப்பறைக்கே கொண்டுபோனேன். என் இரண்டாம் ஆண்டு வகுப்பில் எழுத்துக்கூட்டத் தெரியாத ஒரு பையன் இருந்தான். வண்ணப் பென்சில் கொடுத்தேன், பாடச் சொன்னேன், சதுரங்கப் பலகை வைத்தேன். எதிலும் சுமார்தான். அவன் அம்மா, “வேற எதுலயாச்சும் கெட்டிக்காரனா வருவான்ல டீச்சர்?” என்று கேட்டார். “கண்டிப்பா வருவான்மா” என்றேன். அவனுக்குள் ஒளிந்திருக்கும் ஈஷானைத் தேடியே பாதி வருடம் போனது. வாசிக்கக் கற்றுக்கொடுக்க அந்த நேரத்தைச் செலவழித்திருக்கலாம்.

நிகும்ப் உண்மையில் உருப்படியாகச் செய்வது அதைத்தான். மணலில் எழுதவைக்கிறார், களிமண்ணில் உருட்டவைக்கிறார், படிக்கட்டில் ஏறி இறங்கிக் கணக்கு சொல்லித்தருகிறார். அதற்குப் படம் ஒதுக்குவது பின்னணி இசையோடு சில நிமிடங்கள். அங்கே பல மாத உழைப்பு ஓடி மறைகிறது. அதுவும் ஒரே பையனோடு. முப்பது பேரை வைத்துக்கொண்டு அதைச் செய்வது எப்படி என்று படம் கேட்பதே இல்லை. குறைநீக்கல் வகுப்பு எடுப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள், கதையே அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று. எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி எழுதுவதுதான் டிஸ்லெக்சியா என்று இந்தப் படத்தால் நம்மில் பலருக்கு மனத்தில் பதிந்துவிட்டது. என் மாணவன் எதையும் திருப்பி எழுதவில்லை. ‘கொய்யா’வை ‘கெய்யா’ என்றான். எனக்கு அது கவனக்குறைவாகத்தான் பட்டது. யோசித்தால் அவன் பக்கமும் நியாயம் இருந்தது. ‘கொ’வில் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் ககரம். கண் முதலில் பார்ப்பதை வாய் முதலில் சொல்லக்கூடாது. இதற்கு நடுவே மலாயும் ஆங்கிலமும் ரோமன் எழுத்தில் வேறு. ஒரே எழுத்து வடிவம், இரண்டு விதமான உச்சரிப்பு.

பிறகு தீப்பெட்டிக் குச்சிகளையும் மாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கொம்பைத் தனியாக, காலைத் தனியாக, ககரத்தைத் தனியாகச் செய்து நகர்த்தி நகர்த்தி வைத்தோம். தினம் பதினைந்து நிமிடம், மற்றவர்கள் எழுத்துவேலை செய்யும் நேரத்தில். சில நாள் அதுவும் முடியாது.

ஆண்டு முடியும் நேரத்தில் ‘கொய்யா’ வந்தது, ‘கோழி’ வந்தது, ‘கௌதாரி’ வரவில்லை. கைதட்டலாமா என்று யோசித்தேன். அதற்குள், “டீச்சர், ரீஹாட் மணி அடிச்சிருச்சி, போலாமா?” என்று கேட்டுவிட்டு ஓடிவிட்டான்.