உதடு அசைக்காத பாடகன்

முதுகலை படிக்க ஜார்ஜியா வந்த முதல் குளிர்காலத்தில், அறைத்தோழனின் குறுந்தட்டுக் குவியலிலிருந்து ஆர்.இ.எம். குழுவின் 'மர்மர்' (1983) என் கைக்கு வந்தது. அட்டையில், அந்த மாநிலத்தில் மரம், கம்பம் என்று எதையும் விடாமல் மூடிப் படரும் குட்ஸு கொடி. உள்ளே மைக்கேல் ஸ்டைப்பின் குரல். ஒரு வரிகூட முழுதாகப் பிடிபடவில்லை. பேராசிரியரின் தென்மாநில உச்சரிப்பே பிடிபடாத நாட்கள் அவை. குறை என் ஆங்கிலத்தில்தான் என்று நினைத்துக்கொண்டேன். அங்கேயே பிறந்து வளர்ந்த அறைத்தோழன் "எனக்கும்தான் புரியாது" என்றபோது வந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது. தட்டின் பெயரே முணுமுணுப்பு அல்லவா!

ஏதென்ஸ் என்ற கல்லூரி ஊரில் 1980இல் சேர்ந்த நால்வர் இவர்கள். பீட்டர் பக்கின் கிட்டார் ஒவ்வொரு நரம்பாக மணி போல ஒலிக்க, குரலும் அதனருகில் இன்னொரு வாத்தியமாகவே கிடக்கும். சொல்லைப் பிடிக்க முயல்வதை நிறுத்திய பிறகே எனக்கு அந்தத் தட்டு திறந்துகொண்டது.

இந்தப் பிடிவாதம் காணொளிகளிலும் உண்டு. ஒலிப்பதிவுக்கு ஏற்ப உதடசைக்க ஸ்டைப் மறுத்தார். 1984இல் 'சோ. சென்ட்ரல் ரெய்ன்' படமானபோது கேமரா முன் நிஜமாகவே பாடினார். 1986இல் 'ஃபால் ஆன் மீ' பாடலுக்கு அவரே எடுத்த காணொளியில் பாடகரே இல்லை: தலைகீழாய்த் தெரியும் ஒரு கல்குவாரி, அதன்மேல் பெரிய எழுத்தில் பாடல் வரிகள். முணுமுணுத்தவர் வரிகளைத் திரையில் எழுதிக் காட்டுகிறார். முகத்தை மட்டும் தரவில்லை.

1991இல் 'லூசிங் மை ரிலிஜன்' வந்தபோது அவர் உதடசைத்தார். இயக்கியவர் ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங். கரவாஜியோவின் ஒளியும் நிழலும், சிறகு முளைத்த கிழவர், நம் காலண்டர் சாமிகளை ஒத்த உருவங்கள். எம்டிவியில் அந்த ஆண்டு ஆறு விருதுகள். அழகுதான், ஆனால் அந்தச் சாமிகளைப் பார்த்துத்தான் பல ஆண்டுகள் இதை மதநம்பிக்கை இழந்தவனின் பாட்டு என்று தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். அந்தத் தலைப்பு தென்மாநிலங்களின் பேச்சு வழக்கு. பொறுமையின் விளிம்புக்கே போய்விட்டதைச் சொல்வது. பாடலில் இருப்பது ஒருதலைக் காதலின் தவிப்பு. ஓரிடத்தில் நில்லாமல் சுற்றிவரும் மாண்டலினில் அது அத்தனையும் இருக்கிறது. இவ்வளவு படங்கள் அதற்குத் தேவைப்படவில்லை என்பது என் கட்சி.

'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' வேறு. பெரும்பகுதி டிரம்ஸ் கலைஞர் பில் பெர்ரி உருவாக்கிய பாட்டு. அதிலோ தாளம் பிடிப்பது இயந்திரம்! ஸ்டைப் இதில் ஒவ்வொரு சொல்லையும் தெளிவாகப் பாடுகிறார். ஜேக் ஸ்காட் 1993இல் எடுத்த காணொளியில் டெக்சாஸ் நெடுஞ்சாலை ஒன்றில் வண்டிகள் நகராமல் நிற்கின்றன. உள்ளே இருப்பவர்கள் வாய் திறப்பதில்லை. அவர்கள் மனதில் ஓடுவது திரையின் கீழே எழுத்தாக வருகிறது. பாடலின் சொற்கள் ஒரு பக்கம், யாரும் யாரிடமும் சொல்லாதவை இன்னொரு பக்கம். அலுவலகம் விட்டு நெரிசலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரரை இப்போதும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன்.

சென்ற மாதம் காரில் 'மர்மர்' ஓடியது. இங்கேயே பிறந்த மகளிடம், என்ன பாடுகிறார் என்று கேட்டேன். இரண்டு முறை கேட்டுவிட்டு ஒரு வரி சொன்னாள். எனக்குக் கேட்டது வேறு. மூன்றாவது முறை போட்டோம்.