பழஞ்சொல்லும் புதுத்திருப்பமும்

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்பது தமிழ் வழங்கும் ஊர்களிலெல்லாம் கேட்கும் பழமொழி. உண்பதற்கு முந்திக்கொண்டு, போர் என்றால் ஒதுங்கிக்கொள்பவனை எள்ளும் சொல்லாகவே நம் இல்லங்களில் இது வழங்கி வருகிறது. இதனைச் சற்றே திருப்பி, 'பள்ளிக்கு முந்து. பந்திக்குப் பிந்து' என்று ஒருவர் சொல்வாராயின் என்ன நேர்கிறது? புதிதாக வந்து புகுந்தது ஒரே ஒரு சொல். பழைய முதற்சொல் இரண்டாம் இடத்திற்கு இறங்கிற்று, அவ்வளவுதான். ஆயினும் கேட்ட மாத்திரத்தில் உதட்டில் முறுவல் தோன்றுகிறது. அதனைத் தொடர்ந்து உள்ளத்தில் ஒரு நாணமும் தோன்றுகிறது. நிக்காஹ் வீட்டில் ஸஹன் வைக்கும் நேரத்தில் நாம் காட்டும் விரைவையும், பாங்கொலி கேட்டபின் பள்ளிவாசலை நோக்கி நாம் நடக்கும் நடையையும் அச்சொல் அருகருகே நிறுத்திக் காட்டிவிடுகிறது.

இவ்வாறு பழஞ்சொல்லைத் திருப்பிப் புதுச்சொல் ஆக்கும் கலையைப் பற்றியே இங்குச் சிறிது ஆராயப் புகுகின்றோம். இதனைச் சிலேடையோடு சேர்த்து எண்ணுவோர் உளர். அது பொருந்தாது. சிலேடையில் ஒரு தொடர் இரு பொருள் தந்து நிற்கும். திருப்பத்திலோ, ஒரு தொடர் தனக்கு முன்பிருந்த தொடருக்கு மறுமொழி கூறும். காதில் விழுவது ஒன்று. மனத்தில் ஒலிப்பவை இரண்டு. பழையது பின்னின்று ஒலிக்காவிடில் புதியதற்குச் சுவையில்லை.

மேற்காட்டிய சொல்லையே இன்னொரு வகையாகத் திருப்பிப் பார்ப்போம்: 'சந்தைக்கு முந்து, சண்டைக்குப் பிந்து.' எதுகை உண்டு, அறிவுரையும் தவறில்லை. ஆயினும் இது நெஞ்சில் தங்குவதில்லை. ஏன்? பழமொழியோடு இதற்கு வழக்கொன்றும் இல்லை. அதன் ஓசையை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு தன் வழியே போய்விடுகிறது. 'பள்ளிக்கு முந்து' என்பதோ, பந்தி என்னும் அதே சொல்லை அது வீற்றிருந்த இருக்கையிலிருந்து எழுப்பிப் பின்வரிசையில் அமர்த்துகிறது. அன்றியும், தொழுகையின் முதல் வரிசைக்குரிய நன்மையை மக்கள் அறிந்திருந்தால் அதற்காகச் சீட்டுக் குலுக்கிப் போடவும் முற்படுவர் என்னும் கருத்துடைய நபிமொழி அதன் அடியில் கிடக்கிறது. பிறர்க்கு நீர் வழங்குபவர் தாம் இறுதியிற் பருகவேண்டும் என்ற நபிமொழியும் உடன் கிடக்கிறது. சொல் சிறிது, அதன் வேரோ நெடிது.

இக்கலையின் உயர்ந்த சான்றை நாம் தமிழுக்கு வெளியேதான் காண்கிறோம். அறியாமைக் காலத்து அரபிகளிடையே ஒரு பழமொழி வழங்கிற்று. உன் சகோதரன் அநீதி இழைத்தவனாயினும் சரி, இழைக்கப்பட்டவனாயினும் சரி, அவனுக்கு உதவு என்பது அதன் கருத்து. நம் குலத்தான் என்றால் நியாயம் பாராதே, வாளை உருவு என்பதே அக்காலத்தார் கொண்ட பொருள். பல தலைமுறைகள் குருதி சிந்திய சொல் அது.

இதனை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? தடை செய்யவில்லை. ஒரு சொல்லையும் மாற்றவுமில்லை. அதே சொற்களைத் தம் திருவாயால் மொழிந்தார்கள். கேட்டிருந்த தோழர் திகைத்தார். அநீதிக்கு ஆளானவனுக்கு உதவுவது விளங்குகிறது. அநீதி செய்பவனுக்கு உதவுவது எங்ஙனம் என்று வினவினார். அவன் கைகளைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என விடை வந்தது. அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரீயில் உள்ளது. 'உதவி' என்னும் ஒரு சொல்லின் பொருளை மட்டும் அசைத்தார்கள். பழமொழி முழுவதும் தலைகீழாயிற்று. வாளை உருவச் சொன்ன சொல், வாளைப் பிடித்து நிறுத்தும் சொல்லாயிற்று.

முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி, இச்சொல் எத்தகைய வேளையில் மொழியப்பட்டது என்பதையும் காட்டுகிறது. முஹாஜிர்களைச் சேர்ந்த இளைஞர் ஒருவரும் அன்ஸாரிகளைச் சேர்ந்த இளைஞர் ஒருவரும் சண்டையிட்டு, இருவரும் தத்தம் கூட்டத்தாரைக் கூவி அழைத்தனர். இது அறியாமைக் காலத்து அழைப்பன்றோ எனக் கடிந்துகொண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அந்த அழைப்புக்கு ஊட்டமளித்து வந்த பழமொழியையே எடுத்து இவ்வாறு திருப்பினார்கள். புதிதாக ஓர் அறிவுரை பகர்ந்திருந்தால் அது பழமொழிக்கு அருகில் இன்னொன்றாக நின்றிருக்கும், பழமொழியும் வாழ்ந்திருக்கும். திருப்பியதனாலோ, பழைய பொருளுக்கு இருக்க இடமில்லாது போயிற்று. நம் ஊர்களில் ஜமாஅத் வழக்குகள் எழும்போது 'என்ன இருந்தாலும் அவன் நம்மாளு' என்ற குரல் முதலில் எழுவதைக் கேட்டிருப்பவர்கள் இதன் அருமையை உணர்வர்.

தற்காலத் தமிழில் இக்கலையைத் தலைப்புகளிலேயே நிகழ்த்திக் காட்டியவர் கவிக்கோ அப்துல் ரகுமான் (1937–2017). மதுரையிற் பிறந்து, வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ் பயிற்றிய அவருடைய கட்டுரை நூல் ஒன்றின் பெயர் 'தட்டாதே திறந்திருக்கிறது'. தட்டினால் கதவு திறக்கப்படும் என்பது ஈசா நபி (அலை) அவர்களின் போதனையாகப் பைபிளில் வருவது. இன்று எல்லாச் சமயத்தாரும் பழமொழிபோற் கையாள்வது. தலைப்பு அதனை மறுப்பதுபோல் தோற்றுகிறது. ஆனால் மறுக்கவில்லை, இறைவனுடைய அருளின் பெருக்கத்தை ஒரு படி மேலே கொண்டுபோய் வைக்கிறது. இதனைக் கண்டதும் நமக்குப் பஸராவின் ராபியா (ரஹ்) அம்மையார் நினைவுக்கு வருகிறார்கள். விடாது தட்டுபவனுக்குக் கதவு திறக்கப்படும் எனப் பேசிவந்த ஸாலிஹ் அல்முர்ரீ என்னும் பெரியாரிடம், அது எப்போது மூடியிருந்தது என அவர்கள் வினவியதாக ஸூபி நூல்கள் கூறும். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய திருப்பம் அது; தமிழில் இரண்டே சொற்களில் வந்து நிற்கிறது.

'இல்லையிலும் இருக்கிறான்' என்பது அவருடைய மற்றொரு நூற்பெயர். 'தூணிலும் இருப்பான், துரும்பிலும் இருப்பான்' என்பது நாட்டு வழக்கு. தூணும் துரும்பும் போய், அவ்விடத்தில் 'இல்லை' வந்து அமர்கிறது. இதனைப் பிற வாசகர் நாத்திகருக்கு மறுமொழி என்று மட்டும் கொள்ளக்கூடும். நம் இல்லத்துப் பிள்ளைகளோ, கலிமாவே 'லா' என்னும் இல்லையில் தொடங்கி அல்லாஹ்வில் முடிவதை உம்மாவின் மடியிலேயே ஓதி அறிந்தவர்கள். அவர்கள் செவியில் இத்தலைப்பு இன்னும் ஆழமாக ஒலிக்கும்.

இனி, இக்கலைக்கு நேரும் கேடொன்றையும் சொல்லவேண்டும். தாம் திருப்பிய சொல்லையே பழைய சொல் என்று சாதிப்போர் பெருகிவிட்டனர். 'ஆயிரம் பேரைக் கொன்றவன்' அன்று, 'ஆயிரம் வேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்பதே உண்மைப் பாடம் என்பர். 'மண் குதிரை' அன்று, 'மண் குதிர்' என்பர். பந்திக்கு முந்துவதும் படையில் நாண் இழுக்கப் பிந்துவதும் வலக்கையே என்று நாம் முதலிற் காட்டிய பழமொழிக்கும் ஒரு விளக்கம் உலவுகிறது. பெண் புத்தி பின் புத்தி என்பதற்கு, பின்னால் வருவதை முன்னே அறியும் புத்தி என்று உரை சொல்வாரும் உளர். கற்பனை நன்று, அதனைத் தம்முடையது என்று சொல்லி வழங்கியிருந்தால் பாராட்டியிருப்போம். 'முன்னோர் சொன்னது இதுவே; இடையில் வந்தவர் திரித்துவிட்டனர்' என்னும்போதுதான் இடறுகிறது. இவர்கள் ஏட்டுச் சான்று எதனையும் காட்டுவதில்லை. பெண்ணை இழித்த பழமொழிக்கு நேராக நின்று மறுமொழி சொல்ல வேண்டியிருக்க, அது இழிக்கவே இல்லை என்று மழுப்பிவிடுவது என்ன துணிவு?

பழமொழியில் இது பிழையளவில் நின்றுவிடும், நபிமொழியில் அவ்வாறன்று. நாணம் ஈமானைச் சேர்ந்தது என்பது ஆதாரமுள்ள ஹதீஸ். அந்த அச்சிலே வார்க்கப்பட்டது, நாட்டுப்பற்று ஈமானைச் சேர்ந்தது என்னும் அரபுத் தொடர். மீலாத் மேடைகளில் இது நபிமொழியாகவே முழங்கப்படுகிறது. அழகிய தொடர்தான். ஹிஜ்ரி 902இல் மறைந்த ஹதீஸ் அறிஞர் ஸகாவீ (ரஹ்) அவர்கள், மக்கள் நாவில் வழங்கும் ஹதீஸ்களை ஆராய்ந்து எழுதிய நூலில் இதனையும் எடுத்துக்கொண்டார்கள். கருத்துச் சரியே, ஆனால் இதனை நபிமொழியாக எங்கும் தாம் காணவில்லை என்று குறித்தார்கள்.