சக்கரத்தில் கட்டுண்டவர்
ரூத் ஜாப்வாலாவின் ‘இந்தியாவில் நான்’ கட்டுரை பற்றிய ஒரு திறனாய்வு

அந்நிய நாட்டைப்பற்றி எழுதப்படும் நூல்கள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒருவகை நூல் கண்டதையெல்லாம் புகழும்; மற்றொரு வகை நூல் கண்டதையெல்லாம் பழிக்கும். இவ்விரண்டும் பயணிகளின் நூல்களே. திரும்பிச் செல்வதற்கான பயணச்சீட்டைக் கையில் வைத்திருப்பவனுக்குப் புகழ்வதும் எளிது, பழிப்பதும் எளிது. அங்கேயே குடியேறி, வீடு அமைத்து, பிள்ளைகளைப் பெற்று, ஆண்டுகள் பல கழிந்த பின்பும் அந்நியராகவே இருப்பவரின் நிலை வேறு. அவர் புகழ்ந்தால் முகத்துதி என்பர். குறை கூறினால் நன்றிகேடு என்பர். ஆகவே அவர்களில் பலர் வாய் திறப்பதில்லை. வாய் திறந்தவர்களுள் ஒருவர் ரூத் பிரவர் ஜாப்வாலா அம்மையார். அவருடைய ‘இந்தியாவில் நான்’ என்னும் சிறு கட்டுரையை நாம் இங்கு ஆராயப் புகுகிறோம்.

ஆசிரியை 1927-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1939-இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்றார். 1951-இல் கட்டடக் கலைஞரான சைரஸ் ஜாப்வாலாவை மணந்து டில்லிக்கு வந்து, ஏறக்குறைய 24 ஆண்டுகள் அங்கு வாழ்ந்தார். 1975-இல் ‘ஹீட் அண்ட் டஸ்ட்’ என்னும் நாவலுக்காகப் புக்கர் பரிசு பெற்றார். அதே ஆண்டில் நியூயார்க்கில் குடியேறினார். 2013-இல் அந்நகரிலேயே காலமானார். நாம் எடுத்துக்கொண்ட கட்டுரை 1970-களின் தொடக்கத்தில் அவருடைய சிறுகதைத் தொகுதி ஒன்றின் முன்னுரையாக அமைந்தது. 1986-இல் வெளிவந்த ‘அவுட் ஆஃப் இந்தியா’ என்னும் தொகுதியிலும் இடம் பெற்றது.

கட்டுரை கூறுவது

தம் கணவர் இந்தியர், தம் பிள்ளைகள் இந்தியர், தாமோ இந்தியர் அல்லர், ஆண்டுக்கு ஆண்டு இன்னும் குறைவாகவே இந்தியராக இருப்பதாக உணர்கிறார் என்னும் அறிவிப்போடு கட்டுரை தொடங்குகிறது. அடுத்து, இந்தியாவுக்கு வரும் ஐரோப்பியர் கடந்து செல்லும் மூன்று நிலைகளை ஆசிரியை வகுத்துக் காட்டுகிறார். முதல் நிலையில் எல்லாம் அற்புதம். இரண்டாம் நிலையில் எல்லாம் அவ்வளவு அற்புதமல்ல. மூன்றாம் நிலையில் எல்லாம் அருவருப்பு. சிலருக்கு இதோடு கதை முடிந்துவிடும். வேறு சிலருக்கோ மறுபடியும் முதல் நிலை பிறக்கும், சுழற்சி தொடரும். தாம் இச்சுழற்சியில் பலமுறை சென்று வந்துவிட்டதால், சுழலும் சக்கரம் ஒன்றில் கட்டப்பட்டவராகவே தம்மை எண்ணிக்கொள்வதாக அவர் சொல்லுகிறார்.

கட்டுரையை எழுதுகிறவர் திரைகளை இழுத்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டியை ஓடவிட்ட அறைக்குள் அமர்ந்திருக்கிறார். வெளியே வெயிலும் வறுமையும் இருக்கின்றன. வறுமையை அவர் ஒரு மாபெரும் விலங்காக உருவகிக்கிறார்; அதன் முதுகின்மேல்தான் தம்மைப் போன்றோர் வாழ்வதாகக் கூறுகிறார். மேனாட்டுக் கல்வி பெற்ற இந்தியரின் விருந்துகளில் நாட்டின் பிரச்சினைகள் அலசப்படுகின்றன. ஆனால் அப்பேச்சு வாசலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பதில்லை. பக்திப் பாடல்களைக் கேட்கும்போது தம் உள்ளம் இழுக்கப்படுவதையும், உடனே தாம் பின்வாங்குவதையும் அவர் மறைக்கவில்லை. இறுதியில், இந்தியாவில் சமாதானத்தோடு வாழவேண்டுமானால் பெருமளவுக்கு இந்தியராகவே மாறவேண்டும், அது இயலுமா, இயன்றாலும் விரும்பத்தக்கதா என்னும் வினாக்களைக் கட்டுரை எழுப்புகிறது.

குறைகூறல் நன்றிகேடா?

‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது நம் பழமொழி. நான்காம் நாளிலும் தங்கியிருக்கிற விருந்தாளி, உணவில் உப்புக் குறைவு என்று சொன்னால் வீட்டாருக்குக் கோபம் வருவது இயல்பு. இக்கட்டுரையை வாசிக்கும் இந்திய வாசகருக்கும் அக்கோபம் வருகிறது. எனினும் கோபம் திறனாய்வு ஆகாது. அந்நியர் ஒருவரின் குறைகூறலை எந்த அளவுகோலால் அளப்பது என்பதே கேள்வி.

அவ்வளவுகோலைப் பம்பாயில் வாழ்ந்த யூதக் கவிஞர் நிசிம் எசக்கியேல் நமக்குத் தந்திருக்கிறார். வி.எஸ். நைபால் 1964-இல் வெளியிட்ட ‘ஆன் ஏரியா ஆஃப் டார்க்னஸ்’ நூலுக்கு எசக்கியேல் எழுதிய மறுப்பில், நைபால் இந்தியாவைக் கண்டித்தது அவருடைய வழக்கு அன்று. கண்டனங்களுள் பலவற்றை அவரே ஒப்புக்கொள்கிறார். நைபால் ஒட்டாமலும் அக்கறையின்றியும் நின்று கண்டித்தார் என்பதே அவருடைய வழக்கு. இவ்வளவுகோலை நாம் ஏற்கிறோம். குறை சொல்லுகிறவர் எங்கே நின்று சொல்லுகிறார் என்று பார்க்கவேண்டும்.

அவ்வாறு பார்த்தால் ஜாப்வாலா அம்மையார் நைபாலைவிட ஒரு படி உயர்ந்தே நிற்கிறார். நைபால் பிறரைக் குற்றம் சாட்டினார். இவ்வம்மையாரோ குற்றவாளிக் கூண்டில் முதலில் தம்மையே ஏற்றுகிறார். வெயில் கொடியது என்பது அவருடைய மெய்யான புகார் அன்று. வெயிலுக்குத் திரையும் குளிர்சாதனமும் இருக்கின்றன. பட்டினி கிடப்போர் நடுவே உண்டு, உறங்கி, புத்தகம் வாசிக்க மனிதர் பழகிக்கொள்கிறார்கள், தாமும் பழகிவிட்டார் என்பதே அவருடைய புகார். மருத்துவராகவோ சமூக ஊழியராகவோ இறங்கிப் பணியாற்றும் உரம் உடையவர்களை அவர் மதிக்கிறார். தாம் அத்தகையவர் அல்லர் என்றும் சொல்லிவிடுகிறார். குடியேறியவரின் ஏமாற்றங்களுள் மிகக் கடினமானது இதுவே. மொழி வராதது, உணவு ஒவ்வாதது, அலுவலகங்களில் காத்துக் கிடப்பது ஆகியவை காலப்போக்கில் தணியும். தம்மால் இங்கு ஒருவருக்கும் பயனில்லை என்னும் எண்ணமோ ஆண்டு செல்லச் செல்ல வளரும். இதை இத்துணைத் தெளிவாகச் சொன்னது கட்டுரையின் பெருஞ்சிறப்பு.

கட்டுரையில் இல்லாதவர்கள்

இச்சிறப்பை ஒப்புக்கொண்ட பின், ஒரு பெருங்குறையையும் சுட்டவேண்டியவர்களாயிருக்கிறோம். இக்கட்டுரையில் நாடு இருக்கிறது. அண்டை வீட்டார் இல்லை. வெயில், வறுமை, விருந்துப் பேச்சு, பக்திப் பாடல் ஆகிய யாவும் இருக்கின்றன. ஆனால் ஆசிரியை யாரோடு சண்டையிட்டார், நோயுற்றபோது கஞ்சி கொண்டுவந்தவர் யார், யாருடைய சாவுக்கு அழுதார் என்று நாம் அறிய வழியில்லை. முதல் வாக்கியங்களில் வந்த கணவரும் பிள்ளைகளும் அதன்பின் ஏறக்குறைய மறைந்துவிடுகின்றனர். குடும்பத்தாரைப் பொதுமேடைக்கு இழுக்காதது நாகரிகம் என்று சமாதானம் கூறலாம். அது நியாயமே. ஆனால் அவர்களை நீக்கியபின் எஞ்சி நிற்பது ‘இந்தியா’ என்னும் ஒரு பெரும் பொருளும், அதன் எதிரே தனியே அமர்ந்த ஒரு பெண்ணும் மட்டுமே. ஒரு நாட்டின் எதிரே தனியாக அமரும் எவரும் தோற்றுத்தான் போவர். நாட்டோடு ஒருவரும் உறவாட முடியாது. மனிதரோடுதான் உறவாட முடியும்.

இதனாலேயே கட்டுரை இரண்டே வழிகளைக் காண்கிறது. ஒன்று, இந்தியராக மாறுவது. மற்றொன்று, கதவை மூடிக்கொள்வது. முன்னது தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வதாகும் என்று ஆசிரியை அஞ்சுவது சரியே. ஆனால் மூன்றாம் வழி ஒன்று உண்டு. வியப்பு என்னவென்றால், அதை அவரே தம் நாவல் ஒன்றில் எழுதியிருக்கிறார்.

நாவல் அறிந்தது

1965-இல் வெளிவந்த ‘எ பேக்வர்ட் பிளேஸ்’ என்னும் நாவலும் டில்லியில் குடியேறிய ஐரோப்பியரைப் பற்றியதே. அதில் வரும் ஹோக்ஸ்டாட் என்னும் ஜெர்மானியப் பேராசிரியரும் அவருடைய மனைவியும் குறித்த கால அளவுக்கு வந்தவர்கள். இந்தியாவின் ஒவ்வொன்றையும் கண்டு பரவசமடைகின்றனர். எட்டா என்னும் பெண்ணோ இளமையும் அழகும் கடந்துகொண்டிருக்கும் பருவத்தில், தன் அறையை ஒரு சிறு ஐரோப்பாவாக அமைத்துக்கொண்டு வெளியுலகை வெறுக்கிறாள். கட்டுரையின் முதல் நிலையும் மூன்றாம் நிலையும் இங்கே மனித வடிவில் நடமாடுகின்றன.

மூன்றாமவள் ஜூடி. இங்கிலாந்தில் எளிய குடும்பத்தில் பிறந்தவள். பால் என்னும் நடிகனை மணந்தவள். கணவனுக்குக் கனவுகள் மிகுதி, வருவாய் சொற்பம். ஜூடிதான் வேலைக்குச் சென்று குடும்பத்தை நடத்துகிறாள். கணவனின் தமையன் குடும்பத்தோடும், புவாஜி எனப்படும் வயது முதிர்ந்த அத்தையோடும் ஒரே முற்றத்தில் வாழ்கிறாள். இந்தியாவைப் பற்றி ஜூடிக்குக் கொள்கை ஒன்றும் இல்லை. தான் இந்தியராகிவிட்டோமா என்றும் கேட்டுப் பார்ப்பதில்லை. அவளுக்குப் பால் இருக்கிறான், பிள்ளைகள் இருக்கிறார்கள், புவாஜி இருக்கிறாள். நாவலின் முடிவில், கணவன் பம்பாய்க்குப் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும்போது, நிலையான வேலையை விட்டுவிட்டு உடன் செல்லத் துணிகிறாள். அது அறிவுடைமையா என்று வாசகர் ஐயுறலாம், நாமும் ஐயுறுகிறோம். ஆனால் ஜூடி சக்கரத்தில் கட்டுண்டவள் அல்லள் என்பதில் ஐயமில்லை. நாவலாசிரியை அறிந்திருந்த இவ்வுண்மையைக் கட்டுரையாசிரியை எடுத்தாளவில்லை. ‘இந்தியாவில் நான்’ கட்டுரையில் ஒரு புவாஜி இல்லை என்பதே அதைப்பற்றிய நமது முடிவான மதிப்பீடு.

இரு ரூத்துகள்

ஆசிரியையின் பெயரே ஓர் ஒப்புநோக்கை நம்மிடம் வேண்டி நிற்கிறது. வேதாகமத்து ரூத்தும் கணவன் வழியாக ஓர் அந்நிய நாட்டோடு உறவு கொண்டவள். அவளைப் பற்றிய நூலை நாம் பெரும்பாலும் பற்றுறுதியின் கதையாகவே பிரசங்கிக்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பெத்லகேமில் குடியேறிய பின்பும், நான்காம் அதிகாரம்வரை, அவள் மோவாபியப் பெண் என்றே குறிக்கப்படுகிறாள். நகோமியின் ஜனத்தைத் தன் ஜனமாக ஏற்றுக்கொண்டவளுக்கும் அந்த அடைமொழி நீங்கவில்லை. எனினும் அவளுக்குப் பிறந்த குழந்தைக்குப் பெயரிடுகிறவர்கள் அயலகத்துப் பெண்கள். அந்நியள் என்னும் பெயரும் இருக்கிறது, அயலாரும் இருக்கிறார்கள். ஒன்று மற்றொன்றை ஒழிக்கவில்லை. நாம் கூறிய மூன்றாம் வழி இதுவே.

ஆனால் இவ்வொப்புமையை ஜாப்வாலா அம்மையாரின் தலையில் ஒரு தீர்ப்பாக இறக்குவது தகாது. மோவாபிய ரூத் தன் நாட்டைத் தானே விட்டு வந்தாள். பின்னே ஒரு மோவாப் இருந்தது. இவ்வம்மையாருக்குப் பின்னே ஒன்றும் இல்லை. உறவினர் பலர் நாஜிகளால் கொல்லப்பட்டதை அறிந்த அவருடைய தந்தை 1948-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1979-இல் ஸ்காட்லாந்தில் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றில் அம்மையார் தம்மைச் சுதந்தரம் இழந்தவராகவே வருணித்தார். ஒருமுறை வேரோடு பிடுங்கப்பட்ட செடி அடுத்த மண்ணில் எளிதாக வேர் விடாது. டில்லி அவருக்கு இரண்டாம் அந்நிய நாடு. கட்டுரையில் வெயில் மேல் ஏற்றப்பட்ட சுமையில் ஒரு பகுதி கொலோன் நகரிலிருந்து வந்தது என்று கொள்வதே நேர்மையான வாசிப்பு.

வீட்டார் பக்கம்

மேலும், போவாசின் வயலில் கதிர் பொறுக்க ரூத்துக்கு உரிமை அளித்தது நியாயப்பிரமாணம். அந்நியரின் வாழ்வு அந்நியரை மட்டும் பொறுத்ததன்று. தமிழில் ‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழைய பொருள்; புதிதாய் வந்தவரே விருந்தினர். வந்தவர் பழையவராகிவிட்டால் அவரை என்னவென்று அழைப்பது என்பதற்கு நம்மிடம் நல்ல சொல் இல்லை. ‘பரதேசி’ என்ற சொல் இருந்தது. நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பு அதை மதிப்போடு வழங்குகிறது. பேச்சு வழக்கில் நாம் அதை வசைச்சொல் ஆக்கிவிட்டோம். டில்லியின் விருந்துகளில் இந்தியாவின் பிரச்சினைகளை அம்மையாரோடு விவாதித்தவர்கள் பலர். அவருடைய மூடிய திரையின் காரணத்தைக் கேட்டவர் எத்தனை பேர் என்பது கட்டுரை நம்மிடம் கேளாமல் கேட்கும் கேள்வி.

சபை ஊழியர் இக்கட்டுரையை வாசிப்பது நல்லது. நம் சபைகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் அதற்கு அப்பாலும் சென்று வாழ்வோர் பலர். அவர்கள் விடுமுறையில் வரும்போது நாம் எதிர்பார்ப்பது சாட்சியும் காணிக்கையும். எல்லாம் சுகம் என்றே அவர்களும் சொல்லிப் பழகியிருக்கிறார்கள். மூன்றாம் நிலையில் இருப்பவர் ஒருவர், நன்றிகெட்டவர் என்னும் பழிக்கு அஞ்சாமல், அதை ஆலயத்து வராந்தாவில் ஒருவரிடமாவது சொல்லக்கூடுமா? புலம்பலுக்குத் திருமறையில் ஒரு முழுப் புத்தகமே இடம் பெற்றிருக்கும்போது, அவர்களுடைய புலம்பலுக்கு நம் விசாரிப்பில் இடம் இல்லாதிருப்பது சரியன்று. அவர்களிடம் முதலில் கேட்கவேண்டியது அந்நாடு எப்படி இருக்கிறது என்பதன்று. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்களோடு பேச்சு உண்டா என்பதே.