பெயரில்லாத இருபத்தொரு பேர்

பிலிப் லொம்பார்ட் காசுக்காக எந்த ஆபத்திலும் இறங்கும் ஆள். கிழக்கு ஆபிரிக்கக் காட்டில் வழி தவறியபோது, இருந்த உணவை எடுத்துக்கொண்டு, தன்னோடு வந்த உள்ளூர்க்காரர் இருபத்தொரு பேரை அங்கேயே சாகவிட்டுத் தப்பி வந்தவன். கேட்டால் மறைக்கமாட்டான். அந்த மக்களுக்குச் சாவு ஒரு பெரிய காரியமில்லை என்று சொல்லிவிட்டுச் சிரிப்பான். அகதா கிறிஸ்டி 1939இல் வெளியிட்ட ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ நாவலில், இங்கிலாந்தின் டெவன் கரைக்கு அப்பாலுள்ள தீவுக்கு அழைக்கப்படும் பத்துப் பேரில் இவன் ஒருவன். பத்துப் பேருமே யாரோ ஒருவருடைய சாவுக்குக் காரணமானவர்கள். சட்டம் தொட முடியாத அவர்களை ஒருவர்பின் ஒருவராகக் கொன்று தீர்ப்பதுதான் கதை.

அமெரிக்கப் பாடசாலைகள் பலவற்றில் இது பாடநூல். இங்கிலாந்தின் ஏகியூஏ பரீட்சைச் சபை, 2015இல் தொடங்கிய உயர்தர இலக்கியப் பாடத்தில் குற்றக்கதைக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கி, கிறிஸ்டியின் ‘ரோஜர் அக்ரொய்ட்’ நாவலை அதில் சேர்த்தது. இலங்கையில் சாதாரண தரத்துக்கு ஆங்கில இலக்கியம் விருப்பப் பாடம்தான். தேயிலைத் தோட்டப்புறத்தில் அதை எடுக்கும் பிள்ளைகள் மிகச் சிலர். ஆனால் ஒரு நாவலை வகுப்பில் வாசிக்க அந்தப் பாடம்தான் இருக்கவேண்டும் என்றில்லை. வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவே, றொசல்லயைச் சுற்றியிருக்கும் தோட்டங்களில், தரம் 10 பிள்ளைகள் கையில் இந்தக் கொலைக்கதையைக் கொடுக்கலாமா? கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும் என்பது என் முடிவு. ஆனால் கொலையாளி பிடிபட்டதும் புத்தகத்தை மூடிவிடும் வகுப்பென்றால், கொடுக்காமலிருப்பதே மேல்.

வாசிப்பு இந்த மலைகளுக்கு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கவேண்டும். 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தது. ஒரே அறை, ஒரே ஆசிரியர், கையெழுத்துப் போடவும் கூட்டிக் கழிக்கவும் தெரிந்தால் போதும் என்ற அளவு. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியில்தான் நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது எழுபதுகளில் தொடங்கித்தான். இப்படி வந்த வகுப்பறையில் வாசிப்பு என்றால் ஒருவர் உரக்க வாசிப்பது, மற்றவர்கள் கேட்பது, பிறகு விடையை மனப்பாடம் பண்ணுவது. ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்து, அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறதென்று தானே தவித்துப் புரட்டும் வாசிப்புக்கு அங்கே இடம் குறைவு.

அந்தத் தவிப்பைக் கொடுப்பதில் கொலைக்கதைக்கு நிகரில்லை. கிறிஸ்டியின் ஆங்கிலமும் கடினமானதல்ல. வசனங்கள் குறுகியவை, பேச்சு அதிகம். அகராதியோடு மல்லுக்கட்டும் பிள்ளையும் இரண்டாம் அத்தியாயம் போவதற்குள் யாரையாவது சந்தேகிக்கத் தொடங்கிவிடும். சந்தேகம் வந்தால் காரணம் சொல்லவேண்டும். காரணத்தைப் புத்தகத்தில் காட்டவேண்டும். ‘எந்தப் பக்கத்தில் அப்படி இருக்கிறது?’ என்று பக்கத்து மேசைப் பிள்ளை கேட்டுவிட்டால், அந்த நிமிடமே இலக்கிய வகுப்பு நடக்க ஆரம்பித்துவிடுகிறது.

இந்த நாவலில் இன்னொரு சிறப்பு உண்டு. முதல் அத்தியாயத்தில் பயணிகள் ஒவ்வொருவரின் மனத்துக்குள்ளும் கிறிஸ்டி நம்மை அழைத்துப் போகிறார். முதல் வகுப்புப் புகையிரதப் பெட்டியில் உட்கார்ந்து கடிதமொன்றை நினைத்துப் பார்க்கும் முதிய நீதிபதி வார்கிரேவின் மனத்துக்குள்ளும்தான். கொலைகாரர் அவரேதான். ஆனாலும் அந்தப் பத்திகளில் ஒரு பொய்கூடக் கிடையாது. முழு நாவலையும் முடித்தபின் முதல் அத்தியாயத்தை மறுபடி எடுத்து, ஒவ்வொரு வசனத்தையும் இரு பொருளில் வாசிக்கவைப்பது போல ஒரு பயிற்சி வேறெங்கும் எளிதில் கிடைக்காது. முடிவு தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்று இந்த வகைக் கதைகளைக் குறை சொல்வார்கள். வகுப்பறையைப் பொறுத்தவரை முடிவு தெரிந்தபின்தான் படிப்பே தொடங்குகிறது.

நம் பிள்ளைகளுக்கென்று இதில் தனியான ஒரு பலமும் இருக்கிறது. தீவு மாளிகையில் ரொஜர்ஸ் என்ற வேலையாளும் அவன் மனைவியும் இருக்கிறார்கள். முதல் நாள் இரவிலேயே மனைவி தூக்கத்தில் செத்துப்போகிறாள். மறுநாள் காலை விருந்தாளிகளுக்குச் சாப்பாடு வைப்பவன் அதே ரொஜர்ஸ். ஒருநாள் கழித்து, அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டிருக்கும்போது அவனும் வெட்டிக் கொல்லப்படுகிறான். நகரத்துப் பிள்ளை இதை ஒரு தடயமாக மட்டும் குறித்துக்கொண்டு போகலாம். துரை பங்களாவில் சமைத்தும் துடைத்தும் காலம் கழித்தவர்களின் பேரப்பிள்ளை அப்படிப் போகமாட்டாது. செத்தவீட்டுத் துக்கத்தை உள்ளே அடக்கிக்கொண்டு மேசைக்குத் தட்டு எடுத்துப்போவது என்னவென்று அதற்கு வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். அந்த அறிவு வகுப்புக்குள் பேச்சாக வரவேண்டும். பரீட்சைக்குத் தேவையில்லை என்று ஆசிரியர் அதைத் தாண்டிப் போனால், அந்தப் பிள்ளையால் மட்டுமே சொல்லக்கூடிய ஒன்று வகுப்புக்குக் கிடைக்காமலே போய்விடும்.

இனிக் குறைகள். முதலாவது, கொலைக்கதைக்கு ஒரே விடைதான் உண்டு. நமது பரீட்சை முறைக்கும் அதுதான் பிடிக்கும். கொலையாளியின் பெயர், அவர் கையாண்ட வழி, செத்தவர்களின் வரிசை என்று ஒரு குறிப்புக் கொப்பி தயாராகிவிட்டால், டியூஷன் வகுப்பில் இரண்டு மணித்தியாலத்தில் நாவலையே ‘முடித்து’ விடலாம். புத்தகத்தைத் திறக்காமலே கேள்விக்கு விடை எழுதலாம். இதற்கு மருந்து பிரெஞ்சு விமர்சகர் பியர் பயார்டிடம் இருக்கிறது. கதையைச் சொல்பவரே கொலையாளி என்ற முடிவுக்காக 1926 முதல் பேசப்பட்டுவரும் ‘ரோஜர் அக்ரொய்ட்’ நாவலை எடுத்து, துப்பறிவாளர் புவாரோ பிழையான ஆளைப் பிடித்துவிட்டார் என்று வாதாடி 1998இல் ஒரு நூலே எழுதினார். நாவலுக்குள் இருக்கும் சான்றுகளை வைத்துக்கொண்டுதான் வாதாடினார். அச்சில் உள்ள முடிவையும் விசாரிக்கலாம் என்ற துணிவு, கடந்தகால வினாத்தாள்களைக் கரைத்துக் குடிக்கும் பிள்ளைக்கு அவசியம் வேண்டியது.

இரண்டாவது குறை ஆழமானது. அங்கேதான் லொம்பார்டுக்குத் திரும்பவேண்டியிருக்கிறது. குற்றத்தின் பாரம் குறைந்தவரை முதலிலும் மிகுந்தவரைக் கடைசியிலும் கொல்வதாக நீதிபதி ஒரு வரிசை வகுக்கிறார். கடைசிவரை மிஞ்சுபவர்கள் இருவர்: லொம்பார்டும், தன் பொறுப்பிலிருந்த சிறுவனைக் கடலில் சாகவிட்ட வேராவும். ஆக, இருபத்தொரு பேரின் சாவை நாவல் சின்னக் குற்றமாகத் தள்ளிவிடவில்லை, அதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் கடலில் மூழ்கிய சிறுவனுக்கு சிறில் என்று பெயர் இருக்கிறது, அடம்பிடிக்கும் குரல் இருக்கிறது, வேராவின் மனத்தில் அவன் திரும்பத் திரும்ப நீந்துகிறான். ஆபிரிக்காவில் செத்தவர்களுக்கு இருப்பது ஒரு எண் மட்டும். கிறிஸ்டியே 1943இல் இதை நாடகமாக்கியபோது லொம்பார்டைக் குற்றமற்றவனாக்கி, வேராவோடு உயிர்தப்ப வைத்தார். கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லோடு வெளிவந்த முதல் தலைப்பு பிரித்தானியப் பதிப்புகளில் 1985வரை மாறவில்லை. எஸ். பாலசந்தர் இந்தக் கதைக்கட்டைத் தழுவி எடுத்த ‘நடு இரவில்’ படம் 1970இல் வெளிவந்தது. தமிழுக்கு வந்தது ஒதுங்கிய மாளிகையும் வரிசைக் கொலையும்தான்.

ஆளப்பட்ட மக்களைக் கணக்கில் எடுக்காத இந்தப் பார்வை கிறிஸ்டி ஒருவருடையதல்ல. ஷெர்லொக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டொய்ல் 1892இல் எழுதிய ‘டி ப்ரொஃபுண்டிஸ்’ என்ற சிறுகதை இலங்கைத் தோட்டத்துரை ஒருவரைப் பற்றியது. கோப்பிச் செடியை நோய் அழித்தபின் மனந்தளராமல் தேயிலையை எழுப்பிய துரைமாரின் வீரத்துக்கு, வாட்டர்லூ போர்க்களத்துச் சிங்கச் சிலைக்குச் சமமான மரியாதையை அதில் கொடுக்கிறார். காட்டை வெட்டியவர்களுக்கும் கன்று நட்டவர்களுக்கும் அந்தப் பாராட்டில் பங்கில்லை. சுருட்டுச் சாம்பலையும் காலடித் தடத்தையும் தவறவிடாத ஒரு எழுத்தாளரின் கண்ணில் ஒரு மலையகமே படவில்லை. துப்பறியும் கதை எதைக் கூர்ந்து பார்க்கிறது, எதைப் பார்க்காமல் விடுகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் நாவலுக்குப் பக்கத்தில் நம் மண்ணின் விசாரணையொன்றை வைக்கச் சொல்கிறேன். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணை ஆணைக்குழு அமர்ந்தது. கோவிந்தனின் மனைவிக்காக கொல்வின் ஆர். டி சில்வா தோன்றி வாதாடினார். யார் சுட்டது என்பதில் மர்மமே கிடையாது. கேள்விகள் வேறு: சுடவேண்டிய நிலை அங்கே இருந்ததா, பொலிசை அங்கே கொண்டுவந்தது யாருடைய தேவை, துரையின் சாட்சியமும் தொழிலாளியின் சாட்சியமும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டனவா? தீவு மாளிகையில் சாட்சியத்தைச் சலிக்கப் பழகிய பிள்ளை இந்தக் கேள்விகளுக்கு ஆயத்தமாகத்தான் வரும். தமிழ்ப் பாட ஆசிரியரும் இதில் சேரலாம். சிலப்பதிகாரத்து வழக்குரை காதை சாட்சியத்தைப் பற்றியதுதான். பொற்கொல்லனின் சொல்லை நம்பி விசாரியாமல் கொன்ற அரசன், சிலம்பு உடைந்து உள்ளே முத்தல்ல, மாணிக்கம் என்று தெரிந்த கணத்தில் சரிகிறான். அங்கேயும் கொலை யார் செய்தது என்பது கேள்வியல்ல. துப்பறியும் கதையைத் தரங்குறைந்த சரக்கென்று தள்ளிவைக்கும் தமிழாசிரியர்களுக்கு ஒன்றை நினைவூட்டலாம்: 1894இலேயே பண்டித நடேச சாஸ்திரி ‘தானவன்’ எழுதி இந்த வகையைத் தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

ஒரு எச்சரிக்கை. வேராவின் முடிவு தூக்குக் கயிற்றில். லயத்தில் அப்படியொரு சாவை அடுத்த காம்பராவிலேயே கண்ட பிள்ளை வகுப்பில் இருக்கலாம். ஆசிரியர் முன்கூட்டியே விசாரித்துத் தெரிந்துகொள்ளவேண்டும்; அந்த அத்தியாயத்தைச் சத்தமாக வாசிக்கவைக்கக் கூடாது; வாசிக்க விரும்பாத பிள்ளையை விட்டுவிடவேண்டும். கொலையை விடுகதையாக்கும் இந்த வகைக்குச் செத்தவருக்காக அழ நேரமிருக்காது. அந்த நேரத்தை வகுப்புத்தான் ஒதுக்கவேண்டும்.

இனிப் புத்தகம் கிடைக்கும் வழி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 70 ஆண்டுகள் உரிமை தொடரும். கிறிஸ்டி இறந்தது 1976இல். 2046வரை அவருடைய நாவலை நாற்பது பிரதி ஃபொட்டோகொப்பி எடுத்துப் பங்கிட முடியாது. டொய்ல் 1930இலேயே இறந்துவிட்டதால் ஹோம்ஸ் கதைகளும் ‘டி ப்ரொஃபுண்டிஸு’ம் எவரும் அச்சிடக்கூடியவை. ஆகவே முதல் தவணையில் ஹோம்ஸ் கதையொன்றும் இந்தச் சிறுகதையும், இரண்டாம் தவணையில் நூலகத்துக்கு வாங்கிய சில பிரதிகளோடு குழுக்களாக கிறிஸ்டி, அதே தவணையில் தமிழ்ப் பாடவேளையில் வழக்குரை காதை, மூன்றாவதில் முல்லோயா. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிலும் ஆசிரியர்கள் கற்பித்தல் பயிற்சிக்குப் போகும்போதே இதைச் சோதித்துப் பார்க்கலாம். வகுப்பில் முதல் கேள்வியாக, அந்த இருபத்தொரு பேரில் ஒருவர் தீவுக்கு வந்து சாட்சி சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லட்டும்.