கை வைக்கும் முன்னே

ஒரு நல்ல கொண்ட்ராக்டர் நம் வீட்டைப் பார்க்க வரும் முதல் அரை மணி நேரத்தை நிதானமாகக் கவனித்திருக்கிறீர்களா? கச்சேரிக்கு முன் சுருதி சேர்ப்பதைப் போல அவ்வளவு இதமானது அது. மலேசியாவின் ரெங்கம் ஊரில், ஒரு தாமான் குடியிருப்பில் ஒற்றை மாடி வரிசை வீடு என்று வையுங்கள். பின்னால் சமையலறையைப் பத்தடி நீட்ட வேண்டும். வீட்டுக்கார அம்மா கைப்பேசியில் டைல்ஸ் படங்களை நகர்த்திக் காட்டுகிறார். வந்தவரோ மரியாதைக்கு ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் அண்ணாந்து நிற்கிறார். பழைய கூரை முடியும் விளிம்பு, மழைத்தண்ணீர் சுவரில் விட்டுப்போன பழுப்புக் கோடு, சாக்கடைக்கும் பின்சுவருக்கும் உள்ள இடைவெளி என ஒவ்வொன்றையும் அவர் கண் மெல்ல வருடிப் போகிறது. பிறகு, “பெரிய மழ வந்தா தண்ணி எங்கக்கா நிக்குது?” என்கிறார். எவ்வளவு அழகான கேள்வி! விலை பேச வந்தவர் வீட்டின் வருத்தத்தை முதலில் விசாரிக்கிறார்.

தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை கூடுதலாகவே தெரியும். லயத்து வீடு கம்பெனியுடையது. கூரை ஒழுகினால் ஆபீசில் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். தன் வீட்டுக்குத் தானே ஆள் பார்த்து, உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்துப் பேசுவதில் ஒரு தனிப் பெருமிதம் இருக்கிறது.

அடுத்து நம் கொண்ட்ராக்டர் குனிந்து ஒரு பிடி மண் எடுப்பதைப் பாருங்கள். ரெங்கத்து மண் லேசுப்பட்டதல்ல. தீபகற்ப மலேசியாவின் மண்வகைகளில் ஒன்றுக்கு ‘ரெங்கம் வரிசை’ என்று இந்த ஊரின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். கருங்கல் பாறை காலங்காலமாய்ச் சிதைந்து உருவான, மஞ்சளும் பழுப்பும் குழைந்த, தண்ணீரைத் தேக்காமல் கீழே இறக்கிவிடும் ஆழமான மண். ரப்பரையும் செம்பனையையும் வளர்த்த மண். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் களியின் வழவழப்புக்குள் மணல்மணிகள் நறநறக்கும். அந்த நறநறப்பில் அவர் முகம் மலர்கிறது. ஆனாலும் மலர்ச்சியோடு நின்றுவிடுவதில்லை. இயற்கையாய்க் கிடந்த மண்ணா, தாமான் போடும்போது மேட்டை வெட்டிப் பள்ளத்தில் நிரப்பிய மண்ணா என்று அறிய, ஓரிடத்தில் குழி தோண்டிப் பார்க்கலாமா என்று பணிவாய் அனுமதி கேட்கிறார். நிரப்பிய மண் என்றால் அஸ்திவாரமே வேறு.

பழைய சுவரும் புதுச்சுவரும் சந்திக்கும் இடம் இருக்கிறதே, கலையெல்லாம் அங்கேதான். பழைய வீடு எத்தனையோ வருடமாய் உட்கார்ந்து அமைதியாகிவிட்டது. புதிது இனிமேல்தான் கொஞ்சம் இறங்கும். இரண்டையும் இறுக்கிக் கட்டிவிட்டால் இணைப்பில் விரிசல் ஓடும். நயம் தெரிந்தவர் நடுவே விரல் பருமனுக்கு ஓர் இடைவெளி விட்டு, நெகிழ்ந்து கொடுக்கும் பசையால் அதை நிரப்பி, மேலே ஒரு தகட்டை மடித்துப் பழைய சுவருக்குள் செருகி, மழையை வெளியே வழியவிடுவார். வேண்டுமென்றே விட்ட அந்த ஒல்லியான கோட்டைப் பூச்சு விட்டுப்போன இடம் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வீட்டிலேயே மிக அழகிய கோடு அதுதான்.

இனி அந்தக் கொட்டேஷன். ‘சமையலறை நீட்டல், இத்தனை ஆயிரம் வெள்ளி’ என்று ஒரே வரியில் எழுதித் தருகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிடுவோம். நல்ல கொட்டேஷனை விளக்கடியில் வைத்து நிறுத்தி நிறுத்தி வாசிக்க வேண்டும். செங்கல் சுவருக்குப் பூச்சு ஒரு பக்கமா இரு பக்கமா, டைல்ஸ் என்ன அளவு, வெட்டுச் சேதாரத்துக்கு எவ்வளவு கூடுதல், எத்தனை மின்விளக்கு, எத்தனை பிளக், இடிபாட்டை அள்ளும் ரோரோ தொட்டி யார் செலவு, எல்லாம் வரிக்கு வரி இருக்கும். 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி ஊராட்சி மன்றத்தில் வரைபட அனுமதி வாங்குவதும் ஒரு வரி. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி.யின் பதிவு எண் தாளின் தலையிலேயே நிமிர்ந்து நிற்கும். பணம் கேட்கும் முறை இன்னும் அழகு: கொஞ்சம் முன்பணம், அஸ்திவாரம் முடிந்ததும் ஒரு பங்கு, கூரை ஏறியதும் ஒரு பங்கு, கடைசி 5 விழுக்காடு சில மாதம் நம் கையிலேயே. குறை தெரிந்தால் திருத்திவிட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லாமல் சொல்லும் அந்தக் கடைசி வரியை நான் இரண்டு தரம் வாசிப்பேன்.

முன்பு செய்த வேலை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், தயங்கமாட்டார். அங்கே குளியலறைத் தரையை ஒரு காசால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். அடியில் சிமெண்ட் நிறைந்த இடம் கெட்டியாய் ஒலிக்கும். பொள்ளல் இருந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். மூலையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சரிவில், டைல்ஸ் கோடுகளை ஒவ்வொன்றாய்த் தாண்டி, அது தானே வடிகுழியைத் தேடிப் போகும். அப்படியே வாசலில் வந்து நில்லுங்கள். முழு டைல்ஸ் கண்ணெதிரே தொடங்கியிருக்கும். வெட்டிய துண்டெல்லாம் கதவுக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும். அந்தத் துண்டு எங்கே விழ வேண்டும் என்பதை, முதல் டைல்ஸை வைப்பதற்கு முன்பே அவர் நூல் பிடித்துக் கணக்கிட்டிருப்பார்.