ஆண்டுக்கு மேலே ஓர் எழுத்து

காசுமாலையை எல்லாரும் எடைபோட்டுத்தான் மதிக்கிறார்கள். கோத்திருக்கும் காசுகளைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. மலேசியாவின் சி ரூசாவில் எங்கள் உறவுக்காரப் பாட்டியிடம் ஒரு மாலை உண்டு. பால்மரத் தோட்டத்தில் அவருடைய மாமியார் சேர்த்த பிரிட்டிஷ் பவுன்காசுகள். பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தால் எழ மனம் வராது.

22 மில்லிமீட்டர் அகலம். எடை 8 கிராமுக்கு மயிரிழை குறைவு. அந்த வட்டத்துக்குள், இத்தாலியச் சிற்பி பிஸ்ட்ரூச்சி 1817இல் செதுக்கிய புனித ஜார்ஜ் குதிரைமேல் பாய்கிறார். கையில் குறுவாள், முதுகுக்குப் பின்னால் பறக்கும் மேலாடை, குளம்படியில் மல்லாந்து கிடக்கும் டிராகன். குதிரையின் திரண்ட மார்பைப் பாருங்கள். உலோகம் அங்கே ஒரு மில்லிமீட்டர்கூட எழும்பியிருக்காது. ஆனாலும் மூச்சு வாங்குகிறது!

நான் தேடுவது அதற்கும் கீழே. ஆண்டு எண்ணுக்கு மேலே, தரைக்கோட்டின் நடுவில், காசு அடித்த ஊரைச் சொல்லும், கடுகைவிடச் சிறிய ஓர் எழுத்து. எஸ் என்றால் சிட்னி, எம் மெல்பர்ன், பி பெர்த். எழுத்தே இல்லையென்றால் பெரும்பாலும் லண்டன். ஐ என்றிருந்தால் பம்பாய். 1918 ஒரே ஆண்டுதான் அங்கே அடித்தார்கள். பாட்டியின் மாலையில் எஸ், எம், பி மூன்றும் இருக்கின்றன.

அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் 1850களின் இருபது டாலர் தங்கக்காசில், கழுகின் வாலடியில், தேடுவதும் எஸ்ஸைத்தான். அது சான் பிரான்சிஸ்கோ. 1854இல் தொடங்கிய நாணயச்சாலை. இரண்டு எஸ்ஸுக்கும் உறவும் உண்டு. கலிபோர்னியாவில் தங்கம் தேடிவிட்டுத் திரும்பிய ஹார்கிரேவ்ஸ்தான் 1851இல் ஆஸ்திரேலியாவின் தங்க வேட்டையைக் கிளப்பிவிட்டார். நான்கே ஆண்டில் சிட்னியில் பவுன் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தக் காசு தோட்டத்து லயம்வரை வந்ததை நினைத்தால்தான் மலைப்பு. 1906இல் நீரிணைக் குடியேற்ற அரசு 7 பவுனுக்கு 60 டாலர் என்று மதிப்பு வைத்தது. ஒரு பவுன் எட்டரை டாலருக்குச் சற்று மேல். 1920களின் கடைசியில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40. பால் வெட்டிய ஒரு பெண் 22 நாள் கூலியை அப்படியே எடுத்து வைத்தால் ஒரு பவுன்காசு.

வளையம் பற்றவைத்த பவுனைச் சேகரிப்பாளர்கள் பழுதானது என்று ஒதுக்குவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. இந்த மாலையைச் செய்த பத்தர், வளையத்தை விளிம்போடு நிறுத்தியிருக்கிறார். அரசர் பெயரில் ஓர் எழுத்தின்மீதும் பற்றவைக்கும் பொடி வழியவில்லை. காசின் மறுபக்கத்தில் உள்ள ராஜாவின் தலையை உள்பக்கம் வைத்து, குதிரையை வெளியே காட்டியிருக்கிறார். அதனால் ராஜாவின் கன்னம்தான் தேய்ந்திருக்கிறது. ஜார்ஜின் வாள் இன்னும் கூர்மையாகவே நிற்கிறது.