சாத்தனூர் மரத்துக்கு வயசு என்ன? ஒரு வீட்டுக்கல்விக் குறிப்பேட்டை முன்வைத்து

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பம் ஒன்று, மாசி மாசத்தில் ஒரு வாரம் பெரம்பலூர், அரியலூர் பக்கம் சுற்றி எழுதிய குறிப்பேட்டை என்னிடம் கொடுத்து, "தயங்காம விமர்சனம் பண்ணுங்க" என்றார்கள். பண்ணுகிறேன்.

திங்கள் கரைவெட்டி ஏரி, செவ்வாய் கங்கைகொண்ட சோழபுரம், புதன் வாரணவாசி அருங்காட்சியகம், வியாழன் சாத்தனூர் கல்மரம், வெள்ளி காரை.

சிறந்த பக்கம் கரைவெட்டிதான். பறவைகளைக் காலையும் மாலையும் பிள்ளைகளே எண்ணியிருக்கிறார்கள். அடையாளம் தெரியாததற்கு நேரே "தெரியல" என்று எழுதியிருக்கிறார்கள். நேர்மையான டேட்டா.

சாத்தனூர் பக்கத்தில் அது இல்லை. "நீளம் 18 மீட்டர், வயசு 12 கோடி வருஷம், 1940-ல் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்தார்." கீழே பையன் கையெழுத்தில், "12 கோடின்னு எப்படித் தெரியும்?" பக்கத்தில் பெரியவர் கையெழுத்தில், "விஞ்ஞானிகள் சொல்லியிருக்காங்க."

என் குறை இந்த ஒரு வரிதான். 'டீச் யுவர் ஓன்' (1981) எழுதிய ஜான் ஹோல்ட் வீட்டுக்கல்விக்காக வாதாடியது கட்டடத்தை மாற்றுவதற்காக மட்டும் அல்ல; குழந்தையின் கேள்விதான் படிப்பை நடத்த வேண்டும் என்பதற்காக. இங்கே கேள்வி வந்தது, பள்ளிக்கூடப் பதில் கிடைத்தது. பாடப்புத்தகம் இருந்த இடத்தில் தகவல் பலகை, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் பதில் அவர்கள் போன வழியிலேயே கிடந்தது. இந்தப் பகுதியின் கடற்படிவங்களை 1862-லேயே பிளான்போர்டு மூன்றாகப் பிரித்துவிட்டார்: ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர். கதிரியக்கமே 1896-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அவர் வைத்திருந்த ஆதாரம் அடுக்குகளும் சிப்பிகளும்தான். அடுக்குகள் கிழக்கே லேசாகச் சாய்ந்திருப்பதால் பொதுவாக மேற்கே பழசு, கிழக்கே புதுசு. காரை ஊட்டத்தூர்க் குழுமம். சாத்தனூர் மரம் கிடப்பது திருச்சிராப்பள்ளிக் குழுமத்தில். அப்படின்னா மரம் காரையைவிட இளசு, அரியலூர்ப் படிவங்களைவிட மூப்பு. இதைப் பன்னிரண்டு வயசுப் பையன் தானே கண்டுபிடிக்க முடியும்.

அதோடு நிற்கவும் வேண்டாம். திருச்சிராப்பள்ளிக் குழுமம் பின் கிரெட்டேசியஸ் காலத்தது. அந்தக் காலம் தொடங்கியதே சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால்தான். வழக்கமாகச் சொல்லப்படும் 12 கோடி இதோடு ஒட்டவில்லை. பையன் சந்தேகப்பட்டது சரியான எண்ணைத்தான்!

பயணம் வீண் என்று சொல்ல வரவில்லை. வரிசைதான் மாறணும். முதலில் காரை, அடுத்து சாத்தனூர், கடைசியில் அரியலூர், வாரணவாசி. ஒவ்வொரு இடத்திலும் பலகையைப் படிக்கும் முன் மண்ணைப் பார்த்து, "இது முந்தினதா, பிந்தினதா?" என்று பிள்ளைகளே எழுதட்டும். தெரியாவிட்டால், கரைவெட்டியில் எழுதின மாதிரி "தெரியல" என்றே இருக்கட்டும். அந்தச் சொல்லைப் பெரியவர்களும் எழுதலாம்.